முள் பெருக்கிய ராயப்பன்

காலனியில் யாராவது இறந்துபோய் மேளச் சத்தம் கேட்டால் போதும், கல்லூரி வாட்ச்மேன் ராயப்பன் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். பாடை சுமக்கிறவர்கள் காலில் செருப்பு இருக்காது. கல்லூரி நிலத்துக்கு நடுவே ஏரிப்பக்கத்து இடுகாட்டுக்குப் போகிற மண்பாதையிலோ கருவேல முள் கொட்டிக் கிடக்கும். அவர் முன்னாலேயே போய் முள்ளையெல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு வந்து, ஒன்றும் தெரியாதவர் போல கேட்டருகில் நின்றுகொள்வார். பாடை கடந்து போகும்போது நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார். முள் பெருக்கியதை ஊரில் ஒருவரும் கவனித்ததில்லை. காலனியிலிருந்து வந்து கல்லூரி ஆபீசைக் கூட்டித் துடைக்கிற அங்கம்மா மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

"எங்க ஆளுங்களுக்கு உன் சிலுவ ஆவுமா அண்ணே?" என்று ஒருநாள் கேட்டாள்.

"செத்தவங்க யாருக்கும் ஆவும் தங்கச்சி," என்றார் அவர்.

ராயப்பன் பிறந்தது ஆவடிப் பக்கம். செங்கல் சூளையில் மண் மிதித்தார், லாரியில் கிளீனராகப் போனார், எதுவும் நிலைக்கவில்லை. கடைசியில் நசரத்பேட்டையில் இந்தக் கல்லூரி எழும்பியபோது வாட்ச்மேனாகச் சேர்ந்தார். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை கொடுத்தார்கள். மனைவி லூர்தம்மாளுக்கு இழுப்பு நோய். மழைக்காலத்தில் படுக்கவே முடியாது, சுவரில் சாய்ந்தபடியே இருப்பாள். பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வருவதும், அந்த ஒழுகாத அறையும்தான் அவர்களுக்கு இருந்த சுகம்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கல்லூரிக்குப் பல்கலைக்கழகம் ஆகவேண்டும் என்ற ஆசை வந்தது. டெல்லியிலிருந்து குழு வந்து பார்த்து அனுமதி கொடுக்க வேண்டுமாம். மேனேஜர் பக்தவத்சலம் வேலைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்.

"லைப்ரரி பாப்பாங்க, லேப் பாப்பாங்க, அதெல்லாம் சரியா இருக்கு. நிலம் ஒரே துண்டா இருக்கணும். நடுவுல வேற யாருக்கும் வழி இருக்கக்கூடாது. அது ஒண்ணுதான் நமக்குச் சிக்கல். அனுமதி வந்துட்டா உங்க எல்லாரையும் பர்மனென்ட் ஆக்கிடுவோம். ராயப்பா, அவங்க வர்ற அன்னிக்கு அந்த இடுகாட்டு வழி கேட்டைப் பூட்டிடு. பூந்தொட்டிய வரிசையா வச்சுப் பாதையை மறைச்சுடு."

"யாராவது தவறிட்டா சார்?"

"ஒருநாள் ரோடு வழியா சுத்திப் போகட்டும்யா. ஒருநாள்தானே?"

ராயப்பன் தலையாட்டினார். பர்மனென்ட் ஆனால் அந்த அறை கடைசிவரை தங்களுக்குத்தான் என்று லூர்தம்மாளிடம் சொன்னார். அவள் அன்றைக்கே மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

குழு வருவதாக இருந்த நாளன்று விடியற்காலையில் அங்கம்மாவின் புருஷன் சின்னசாமி இறந்துபோனான். காமாலை. வெயில் காலம், உடம்பை வைத்திருக்க முடியாது. டெல்லி ஆட்கள் வருவது காலனியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அழுத அழுகையில் அவளுக்கு அது ஞாபகமே இல்லை. வழக்கம்போல எல்லோரும் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். பெண்கள் அந்தக் கேட் வரைக்கும்தான் வருவது வழக்கம்.

"இன்னா அண்ணாத்தே, கேட்டு பூட்டிகீது?" என்றார் மேளக்காரர் அப்பாவு.

"டெல்லிகாருங்க வந்துகினு கீறாங்க. இன்னிக்கு மட்டும் ரோட்டு வழியா போயிடு அப்பாவு."

"தூக்கின பாடைய திருப்ப சொல்றியா? அப்பால சின்னசாமியே எழுந்து வந்து உன்ன கேப்பான்."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உடனே அடங்கிவிட்டது. ஒருமுறை தூக்கிய பாடையை வந்த வழியே திருப்புவதில்லை. அங்கம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். பூந்தொட்டிகளுக்குப் பின்னால் பாதை நெடுகத் துப்புரவாகப் பெருக்கியிருந்தது. காலையில் மேளச் சத்தம் கேட்டவுடனே, கேட்டைத் திறக்கப்போவதில்லை என்று தெரிந்தும் அவர் போய் முள் பெருக்கியிருக்கிறார்.

ராயப்பன் அவள் முகத்தைப் பார்த்தார், இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார்.

"மேளம் மட்டும் வேணாம் அப்பாவு. சத்தம் இல்லாம போயிடுங்க."

அவரே தொட்டிகளை நகர்த்தினார். மேளம் என்றால் உயிரை விடுகிற சின்னசாமி, ஒரு சத்தமும் இல்லாமல் அந்தப் பாதையில் போனான். பொரியும் சாமந்திப்பூவும் மட்டும் வழியெல்லாம் விழுந்துகொண்டே போயின.

ஆண்கள் போனபிறகுதான் அங்கம்மாவுக்குச் சுரீரென்று உறைத்தது. "அண்ணே, பூவ பெருக்கிடு. பாத்தாங்கன்னா உன் வேல பூடும்."

ராயப்பன் விளக்குமாற்றை எடுத்தார். பிறகு அதைச் சுவரோரம் சாய்த்துவிட்டார். "செத்தவனுக்குப் போட்ட பூவ விளக்குமாத்தால தள்றதா? மனசு கேக்கல தங்கச்சி." குனிந்து ஒவ்வொன்றாகக் கையால் பொறுக்கித் துண்டில் போட ஆரம்பித்தார்.

பாதியில் இருந்தார். அதற்குள் குழு வந்துவிட்டது.

பக்தவத்சலம் பூவைப் பார்த்தார், கேட்டருகில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்த பெண்களையும் பார்த்தார். "பக்கத்துக் கோயில் விசேஷம்," என்றார். குழுவில் தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் நேராக ராயப்பனிடமே கேட்டார். "இது யார் வழிப்பா?"

துண்டில் பூவோடு ராயப்பன் நிமிர்ந்தார். மேனேஜர் கண்ணாலேயே கெஞ்சினார். அறைக்குள்ளிருந்து லூர்தம்மாள் இருமுவது கேட்டது. வழி இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சின்னசாமி அப்போதுதான் அந்த வழியாகப் போயிருந்தான்.

"ஊருக்கு இடுகாட்டு வழி சார். காலேஜு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்தே கீது," என்றார்.

அந்த வருஷம் அனுமதி வரவில்லை. அவரை யாரும் திட்டக்கூட இல்லை. மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள், அவ்வளவுதான். பிறகு கல்லூரிக்காரர்கள் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, இடுகாட்டுக்கு ஏரிக்கரையோரமாக வேறு வழி விடுவதென்று முடித்தார்கள். பழைய பாதைக்குக் குறுக்கே சுவர் எழும்பியது. யாருடைய வழிக்காக அவர் உண்மையைச் சொன்னாரோ, அவர்களே அதற்குச் சரி என்று தலையாட்டினார்கள். அங்கம்மாவால் அதை நினைக்கவே முடியவில்லை.

கொரட்டூரில் லூர்தம்மாளின் அக்கா வீடு இருந்தது. அங்கே போவதற்காக அவர்கள் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்ற அன்று, அங்கம்மா வேலையை விட்டுவிட்டு ஓடிவந்தாள். தன்னால்தான் எல்லாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. லூர்தம்மாள் மூச்சு வாங்கிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பஸ் வந்தது. மனைவியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, படியில் ஒரு காலை வைத்தபடி ராயப்பன் திரும்பினார்.

"ஏரிக்கர வழில முள்ளு ஜாஸ்தி தங்கச்சி. மேளம் கேட்டா, நீ கொஞ்சம் முன்னாடி போய் பெருக்கிடு."