தம்பியின் கையிலிருந்து வந்த சத்தம்

டுர்ர்ர்... டுர்ர்ர்...

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் டுர்ர்ர்...

கொழும்பில் ஒரு கிளினிக்கின் சின்ன அறை. தம்பியின் பெருவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் மெல்லிய ஊசி ஒன்றைக் குத்தி, வயரை ஒரு மெஷினோடு இணைத்திருந்தார்கள். சத்தம் மெஷினின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. கையோ மேசையில் சும்மா கிடந்தது.

"கைய ஆட்டாதீங்க" என்றார் டொக்டர். என் வயதுப் பெண்தான்.

"நான் ஆட்டல்ல டொக்டர்."

உண்மைதான்... அவன் ஆட்டவில்லை. அவனைக் கேட்காமலே அவன் நரம்பு பேசிக்கொண்டிருந்தது.

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்த கதையில், அவனுக்கு மூத்தவளான என் பங்கும் இருக்கிறது. பெருமைப்படுகிற பங்கில்லை.

எங்கள் வீடு புத்தளத்தில். வாப்பாவுக்கு உப்பளத்தில் வேலை. தம்பிக்குக் கலியாணம் பேசி, பெண்ணின் வாப்பா மாப்பிள்ளை பார்க்க வந்திருந்தார். தம்பி கதிரையை விட்டு எழும்பி ஸலாம் சொல்லப் போன அதே நேரம், குசினி வாசலில் நான் சர்பத் ட்ரேயைத் தவறவிட்டேன். கிளாஸ் எல்லாம் படாரென்று நொறுங்கியது.

தம்பி திடுக்கிட்டான். அடுத்த நொடி கால் பின்னியது. சுவரைப் பிடித்தான். கை நடுங்க, நாக்குக் குழற, பாதி ஸலாம்தான் வெளியே வந்தது.

பெண்ணின் வாப்பா மெதுவாக எழும்பி எங்கள் வாப்பாவைப் பார்த்தார்.

"நானா, கோவிக்காதீங்க. குடிக்கிற பிள்ளைக்கி எங்களால பொண் குடுக்க ஏலா."

ஐந்து நிமிஷத்தில் தம்பி சரியாகிவிட்டான். ஆனால் வந்தவர்களின் வேன் அதற்குள் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு இப்படி வரும். திடுக்கிட்டால் வரும், விழுந்தடித்து ஓடினால் வரும், தானாகப் போகும். பயந்த சுபாவம் என்றுதான் இருந்தோம். வெளியாள் ஒருவர் வேறு பெயர் வைத்ததும் எங்களுக்கே சந்தேகம் தொற்றிக்கொண்டது.

நான் தண்ணீர் கொண்டுபோனேன். குடிக்கக் கொடுக்கிற சாட்டில் அவன் முகத்தருகே குனிந்தேன்... அவன் வாயைப் பெரிதாகத் திறந்தபோது மணந்து பார்த்தேன்.

சாராய வாடை எதுவும் இல்லை. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை.

கதை ஊரெல்லாம் பரவியது. தம்பி பள்ளிவாசலில் கடைசி வரிசைக்குப் போனான். பிறகு அதற்கும் போகவில்லை, வீட்டிலேயே தொழுதான். பொறுக்க முடியாமல் உம்மாதான் பிடிவாதம் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பினார்.

மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் வெளிநாட்டுக்குப் போய், முடிவு வர மாதக்கணக்கானது. முடிவு வந்த அன்று டொக்டர் ஒரு தாளில் படம் கீறினார்.

"நரம்புச் சுவர்ல கண்ணுக்குத் தெரியாத கதவுகள் இருக்கு. நரம்புல கரண்ட் பாஞ்ச உடன இந்தக் கதவு திறக்கும். பொட்டாசியம் வெளியே போகும். அப்பதான் நரம்பு அமைதியாகும்."

"பிறகு மூடிரும்தானே?" என்றேன்.

"அதுதான் அதிசயம். கரண்ட் இன்னும் திற திற எண்டு தள்ளிக்கொண்டிருக்கும், ஆனா கதவு தானாகவே அடைபடும். சில கதவுக்கு உள்பக்கம் கயிற்றுல கட்டின பந்து மாதிரி ஒண்டு தொங்கும். அது வந்து துவாரத்த அடைச்சிரும். சில கதவு வெளிவாயச் சுருக்கிக்கொள்ளும். தம்பிட கதவு அப்படிச் சுருங்குறதுல அவசரக்காரக் கதவு. பொட்டாசியம் போக வேண்டிய அளவு போறதில்ல. நரம்பு ஒரு தரம் சொல்ல வேண்டியதப் பத்துத் தரம் சொல்லுது."

பந்து வந்து அடைக்க எவ்வளவு நேரம் என்று கேட்டேன். ஒரு செக்கனை ஆயிரமாகப் பிரித்தால் அதில் சில துண்டுகள் போதுமாம்.

நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் ஒரு விரலை மடக்குவதற்குள் எத்தனை கதவு திறந்து, எத்தனை பந்து எழும்பி அடைத்து, மறுபடி விலகுகிறது... யா அல்லாஹ்! என் உடம்பிலும் அதுவே நடக்கிறது, நான் பாட்டுக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் படத்தைக் காட்டினேன். வாப்பா உப்பளத்து மதகை நினைத்தார்.

"ஓம், விளங்குது. பலகயத் தூக்கினா மட்டும் போதாதே. பாசி வந்து அடைச்சா, திறந்த மதகும் மூடின மாதிரித்தான்."

உப்பு விளைந்தபின் பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரில் இந்தப் பொட்டாசியமும் இருக்கிறது என்று வாசித்துச் சொன்னேன்.

"சுபஹானல்லாஹ்! நான் ஆயுசு முழுக்கத் திறந்து ஊத்தினதா இவன்ட நரம்புக்குள்ள போய் வருது?"

அவர் எழும்பிப் போய்த் தம்பியின் கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோலுக்குக் கீழே சதை மெல்ல அசைவது அன்றுதான் எங்கள் கண்ணில் பட்டது. இருபத்தைந்து வருஷம் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

அந்தச் சம்பந்தம் போனது போனதுதான். பிறகு எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிப் பேசிய கலியாணம் நடந்தது. டொக்டர் விழுங்கத் தந்த குளிசையால் நடுக்கம் வருவது குறைந்தது. இப்போது அவன் முன் வரிசையில் தொழுகிறான்.

அவன் மகளுக்கு ஏழு வயது. அவளுக்கும் அதே அவசரக்காரக் கதவு. போன கிழமை ஸ்கூலில் பலூன் வெடித்து, பிள்ளை நடுங்கியிருக்கிறது. டீச்சர் கதிரை போட்டு உட்காரவைத்து, "பயப்படாதீங்க மகள், இப்ப போயிரும்" என்றாராம். போயும்விட்டது. பிள்ளை எழும்பி விளையாடப் போய்விட்டாள். அவ்வளவுதான் விஷயம்... தம்பிக்கு அன்று அந்த ஒரு கதிரை கிடைக்கவில்லை.

அதைக் கேட்டதும் என்னால் அடக்க முடியவில்லை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவனிடம் சொல்லிவிட்டேன்.

"தம்பி, அண்டைக்கி நான் தண்ணி தந்தனே... உன்ட வாய மணந்து பாத்தேன்டா. மன்னிச்சிரு."

அவன் சிரித்தான்.

"தெரியும் ராத்தா. நீங்களாவது நல்லா மணந்து பாருங்க எண்டுதான் வாய அவ்வளவு பெரிசாத் திறந்தேன்."