பாணித் தாத்தாவின் பகல் தூக்கம்

போன வாரம் ஒரு சாயங்காலம், பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்று ஒருவர் "அண்ணே, அண்ணே" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! ஈரக் கையோடு வெளியே ஓடி, "கேட்டுல துண்டு தொங்குறது கண்ணுக்குத் தெரியலையா? மனுஷன் நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டுத் தூங்குறாரு, மெதுவாப் பேசுங்க" என்று சீறினேன். அவர் முகம் வெளிறியிருந்தது. "கூட வேல செய்யறவன்ங்க. காலையிலேர்ந்து போன் எடுக்கல, அதான் பயமா இருக்குது" என்றார். பின்பக்கம் போய்க் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்தவர், திரும்பி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். கோதண்டபாணி சார் போய்விட்டார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சார் நிலக்கரி மைன்ஸில் மண் வெட்டும் ராட்சத மெஷினின் ஆபரேட்டர். சொந்த ஊர் காடாம்புலியூர். மனைவி காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். ரிட்டயர் ஆகக் கொஞ்ச காலமே பாக்கி இருந்தது. நாங்கள் தேனிப் பக்கத்திலிருந்து நெய்வேலி நகரியத்துக்குக் குடிவந்தவர்கள். கணவர் காலையில் கம்பெனி பஸ் ஏறிவிட்டால், அப்புறம் நானும் எங்கள் யாழினியும் நான்கு சுவர்களும்தான். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது.

எங்கள் வரிசையில் ஒரு வழக்கம். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் கேட்டில் ஒரு துண்டைப் போட்டுவிட்டுப் படுப்பார். துண்டு தொங்கினால் யாரும் காலிங் பெல் அடிக்கக் கூடாது. கீரைக்கார அம்மா கூவ மாட்டார். குக்கரை விசில் வருவதற்கு முன்பே இறக்கிவிடுவோம். பகலில் தூங்காதவர் ராத்திரி அந்த மெஷின்மேல் ஏறினால் என்ன ஆகும் என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும், என் மகளைத் தவிர.

யாழினிக்கு அப்போது இரண்டு வயது. மதியத் தூக்கம் என்றாலே எட்டிக்காய். கண் சொக்கும், காதைக் கசக்குவாள், உட்கார்ந்தபடியே தலை ஆடும்; படுக்க வைத்தால் மட்டும் ஊரைக் கூட்டிவிடுவாள். தூளியில் போட்டால் உதைத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். பாட்டுப் பாடினேன், கெஞ்சினேன், பூச்சாண்டி காட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் தூங்கியாக வேண்டுமே என்று நினைத்து, பல மதியங்களில் அவளோடு சேர்ந்து நானும் அழுதிருக்கிறேன்.

ஒருநாள் அவரே தம் வீட்டு கிரில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். செத்தோம் என்று நினைத்தேன். அவரோ, "எம்மா, அத்த ஏன் மெரட்டிக்கினு இருக்க? இங்க அனுப்பு" என்றார். வராந்தாவில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு, "பாப்பா, தாத்தாவுக்குத் தூக்கமே வர்ல. கொஞ்சம் தட்டி வுடுறியா?" என்று கேட்டார்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! இத்தனை நாளும் எல்லாரும் அவளைத்தான் தூங்கச் சொன்னார்கள். முதன்முதலாக ஒருவர் அவளிடம் உதவி கேட்கிறார். சப்பணமிட்டு உட்கார்ந்து, அவர் நெஞ்சில் பட்பட்டென்று தட்டினாள். "கண்ண மூடு" என்று அதட்டல் வேறு. அவர் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு, "இன்னும் வர்லியே பாப்பா, இன்னொரு தபா தட்டு" என்பார். தட்டத் தட்டக் கை தளர்ந்தது. கொஞ்ச நேரத்தில் தலை அவர் நெஞ்சிலேயே சாய்ந்துவிட்டது. நான் மெல்லத் தூக்கியபோது அவர் கண்ணைத் திறந்து, "தூங்கிடுச்சா? சரி, இனிமே நான் போயி நெசமாவே தூங்குறேன்" என்றார்.

அன்றிலிருந்து துண்டு தொங்கும் நாட்களிலெல்லாம் இதுவே வாடிக்கையானது. அவள் அவரைத் தட்டுவாள், நான் வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரிப்பேன். சில நாள் அவருடைய குறட்டை முந்திக்கொள்ளும். அப்போது அவள் என்னைப் பார்த்து வாயில் விரல் வைத்து "உஷ்" என்பாள். பெருமை பிடிபடாது. பலாக் காலத்தில் காடாம்புலியூரிலிருந்து பழம் கொண்டுவந்து, "சம்பளம் குடுக்கணும்ல?" என்று அவள் கையில் முதல் சுளையைக் கொடுப்பார்.

"எங்களால உங்க தூக்கம் கெடுதே சார்" என்று ஒருமுறை கேட்டேன். அவர் சொன்னார்: "எம் பொஞ்சாதி இருந்த வரைக்கும் கதவாண்ட குந்திக்கினு ஒரு ஈயக்கூட உள்ள வுட மாட்டா. அவ போனப்புறம் வூடு அமைதியாத்தான் இருக்குது. தூக்கம்தான் வர்ல. பக்கத்துல ஒரு உசுரு இருந்தாத்தான்மா மனுசனுக்குத் தூக்கம்."

அந்தக் கடைசி நாளில் கேட்டில் துண்டு தொங்கியது. வராந்தாவுக்கு அவர் வரவில்லை. யாழினி கேட்டைப் பிடித்துக்கொண்டு "தாத்தாவத் தட்டணும்" என்று அடம்பிடித்தாள். அலுப்பாக இருப்பார், தூங்கட்டும் என்று நான் அவளைப் பின்னறைக்குத் தூக்கிப் போய் வாயைப் பொத்தி வைத்திருந்தேன். கீரைக்கார அம்மா கூவாமல் கடந்து போனார். எதிர் வீட்டில் மிக்ஸியைக்கூடப் போடவில்லை.

காலையில் படுத்தவுடனே மூச்சு நின்றிருக்க வேண்டும், யார் எழுப்பியிருந்தாலும் பயனில்லை என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனாலும் பக்கத்தில் ஓர் உயிர் வேண்டும் என்று கேட்ட மனிதர் பகல் முழுக்கத் தனியாகக் கிடக்க, ஒரு வரிசையே சத்தம் போடாமல் காவல் காத்தது.

மகன் வந்து அவரைக் காடாம்புலியூருக்குக் கொண்டுபோனார். அந்த அவசரத்தில் துண்டை யாரும் எடுக்கவில்லை. "தாத்தா தூங்குறாரு" என்று யாரோ குழந்தையிடம் சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து மதியமானால் யாழினி கத்துவதில்லை. நடுச்சுவரோரம் உட்கார்ந்து சுவரைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். இந்த அமைதிக்காக எத்தனை சாமியை வேண்டியிருப்பேன்! இப்போது அது காதை அடைக்கிறது.

நேற்று மனதைத் தேற்றிக்கொண்டு துண்டை எடுத்துத் துவைக்கப் போனேன். "எடுக்காதம்மா, தாத்தா எந்திரிச்சிடும்" என்று அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். வெறும் தரையில் படுத்துக்கொண்டு, "அம்மாவுக்குத் தூக்கம் வரலடி, தட்டி விடுறியா?" என்றேன். தயங்கித் தயங்கி வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தாள். தட்டினாள். "கண்ண மூடு" என்றாள். மூடினால் கண்ணீர் காதில் இறங்குகிறது. "இன்னும் வர்லியே பாப்பா, இன்னொரு தபா தட்டு" என்று உங்கள் குரலிலேயே சொன்னேன், சார். களுக்கென்று சிரித்தாள். பிறகு கை தளர்ந்தது, தலை சாய்ந்தது.

பாப்பா தூங்கிவிட்டாள், சார். இனிமேல் நீங்கள் போய் நிஜமாகவே தூங்குங்கள்.