பாபின் தீர்ந்த மதியம்

அந்தத் தையற்கடையில் ஜன்னலோர மிஷின் அவளுடையது. காலர் தைப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது என்று முதலாளியம்மாவே சொல்வார். ஆனால் மதியம் இஸ்திரிப்பெட்டி சூடேறி அறை புழுங்கத் தொடங்கினால் போதும், ஈரத் துணி மாதிரி அவள் உடம்பு கனத்துவிடும். நன்றாகத் தூங்கி எழுந்த நாளிலும் அப்படித்தான்.

மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் என்றார் டாக்டர். நரம்பின் மேலுறை அரிபட்டுப் போகும் நோயாம்; இந்த அசதி அதோடு கூட வருவதாம். புருஷனிடம் சொன்னாள். கடவுளிடம் சொல்லி அழுதாள். கடையில் மட்டும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஜன்னலோர மிஷின் கையை விட்டுப் போய்விடுமே!

எதிர் மிஷின்காரிக்கு ஊசிவெடி என்று பட்டப்பெயர். வாய் அப்படி.

"என்னக்கா, மதியமானா மகாராணிக்குக் கண்ணு சொக்குது? பாக்க குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க!"

"உன் கண்ணு பட்டுதான்டி இப்படி" என்று சிரித்தே மழுப்பிவிடுவாள்.

ஒரு நாள் பள்ளிச் சீருடை அவசரம். காலையெல்லாம் ஓட்டியவளுக்கு மதியம் பெடலில் வைத்த கால் அசையவில்லை. நாக்கும் சரியாகப் புரளவில்லை.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க?"

"பாபின்... தீர்ந்துடுச்சு."

ஊசிவெடி ஓடிப்போய் அடிநூல் சுற்றிய புது பாபின் ஒன்றை எடுத்து வந்தாள். மிஷினைத் திறந்தால், உள்ளே இருந்ததில் நிறைய நூல்.

"இதுல ரொம்பி வழியுதே! என்னக்கா விளையாட்டு?"

"மிஷினுக்கு இல்லடி. எனக்கு."

தைக்கிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? அடிநூல் தீர்ந்தால் வெளியே தெரியாது. ஊசி ஏறி இறங்கும், மேல்நூலும் அசையும். துணியைத் தூக்கினால் ஒரு தையலும் பிடித்திருக்காது. "ஐயோ அக்கா!" என்று கத்திக்கொண்டே ஊசிவெடி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். இனி மறைத்துப் பயனில்லை என்று அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

"ஏம்மா, இத்தன நாளா ஏன் சொல்லல?"

"மிஷின வேற யாருக்காவது குடுத்துடுவீங்களோன்னு..."

"குடுத்துட்டு? காலர யாரு தைப்பா, நானா? நான் தச்சா போடுறவன் கழுத்து நெரிஞ்சுடும்."

மறுநாளே இஸ்திரி மேசை பின்கட்டுக்குப் போனது. வெயில் ஏறுமுன் அவள் வந்து காலர் வேலையை முடித்துக்கொள்வாள். மதியம் துணிமூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பாய்.

அசதி போய்விடவில்லை. படுத்து எழுந்தாலும் தீராத நாள் உண்டு. அன்று வீட்டுக்குப் போய்விடுவாள். அன்று சமையல் புருஷனுடையது; குழம்பில் உப்பை அள்ளிப் போட்டிருந்தாலும் வாயைத் திறக்காமல் சாப்பிடுவாள்.

மற்ற நாட்களில், பாயில் அவள் கண் அயர்ந்ததும் ஊசிவெடி கடை அதிரக் கத்துவாள்:

"யாரும் சத்தம் போடாதீங்க! அக்கா பாபின் சுத்துறாங்க!"

அந்தச் சத்தத்தில்தான் விழிப்பு வரும். திட்ட மனம் வராது. ஆண்டவனே, இவள் வாய் நல்லா இருக்கட்டும் என்று முணுமுணுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள்.