திகதி தெரியாத வழக்கு

இன்று லண்டன் இல்ஃபோர்டில், சிக்கலான அகதி வழக்குகளை இலவசமாக நடத்த முன்வந்த வக்கீல்களுக்குப் பயிற்சி. இலங்கையிலிருந்து வந்த அகதியாக நடித்தது நான். இருபது வருடங்களுக்கு முன் நிஜமாகவே வாழ்ந்த வேடம்.

எதிரே வக்கீலாக, பிளேஸ்டோவில் வளர்ந்த தமிழ்ப் பெண்; வழக்கமாகக் கம்பனி ஒப்பந்தங்கள் எழுதுபவள்.

"அங்கிள், ஆமி உங்களை எந்தத் திகதி பிடிச்சது?"

"தெரியாது, பிள்ளை."

திகதி குழம்பித்தான் என் முதல் வழக்கு தோற்றது.

அவள் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பரவாயில்லை. அண்டைக்குக் காலமை என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

எழுதித் தந்த வசனத்தை விட்டுவிட்டு நடந்ததையே சொன்னேன். "மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தனான். அவளுக்குப் பள்ளிக்கூடத்தில பரிசளிப்பு."

"அப்ப பள்ளிக்கூடத்தில திகதி இருக்கும். கடிதம் எடுக்க ஏலும், அங்கிள்."

இத்தனை வருடங்களில் எனக்கே அது தோன்றவில்லை.

அடுத்த வாரம் அவளுடைய முதல் வழக்கு. எதிர்த்தரப்பு வக்கீலைத் தெரிந்தவர்கள் அவரை முன்கூட்டியே எச்சரித்துவையுங்கள்.