நாலு விரல் தாடி

உலகத்தில் இதுவரை பிறந்த நடிகர்கள், இனிமேல் பிறந்து வளர்ந்து நடிக்கப்போகிறவர்கள், நடிக்கத் தெரியாமலே மாலை வாங்கிக்கொண்டவர்கள் என அத்தனை பேரையும் லாரி லாரியாகக் கொண்டுவந்து இறக்கி வரிசையில் நிறுத்தினாலும், மாமாவின் இடதுகால் கட்டைவிரலுக்கு முன்னால் அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இப்படிச் சொல்வது வாலு. புளுகுவதில் அவளுக்குத் தெருவில் நல்ல பெயர் உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் தான் ஒரு பொட்டுக்கூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று அவள் எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வாள்.

மாமா என்பது அவள் அம்மாவின் அண்ணன். பகலில் பிஸ்கட் தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவு. பெல்ட்டில் வருகிற பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, காற்றுப் போகிறதை ஒதுக்கிவைக்கிற வேலை. யாராவது கூப்பிட்டால் நடிகர். கூப்பிடுவது நின்று பல வருஷமாகிவிட்டது. கூப்பிட்ட காலத்திலும் பெரும்பாலும் சாகத்தான் கூப்பிட்டார்கள். சினிமாவிலும் சீரியலிலுமாக மொத்தம் முப்பத்தெட்டு தடவை செத்திருக்கிறார். துப்பாக்கி, விஷம், பஸ், ஒரு தடவை ஹீரோ கோபத்தில் தள்ளிவிட்ட பீரோ.

மற்றவர்கள் தலையைச் சாய்த்தால் அதோடு சரி. மாமா தலையைச் சாய்த்து, கண் செருகி, எல்லாம் அடங்கின பிறகு, கட்டைவிரல் மட்டும் இரண்டு தடவை ஆடும். எங்கோ தூரத்தில் கேட்கிற பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல. அப்புறம் அதுவும் நிற்கும். "உயிர் மொத்தமா ஒரே நேரத்துல கிளம்பாது வாலு. வீட்டைக் காலி பண்றவங்க கடைசியா ஒரு ரவுண்டு வந்து பாப்பாங்க இல்ல, அந்த மாதிரி" என்பார்.

"பொணம் ஆடுதுய்யா!" என்று கத்தி ஒரு டைரக்டர் அவரை விரட்டியிருக்கிறார். இன்னொரு டைரக்டர் அதே விரலை முகத்துக்குப் பதிலாக குளோசப்பில் எடுத்தார். அந்தப் படம் மூன்று நாள் ஓடியது. பின்னாளில் ஏதோ காலேஜ் பையன்கள் அந்த விரலை மட்டும் வெட்டி எடுத்து, பாட்டுச் சேர்த்து, போன் போனாகச் சுற்றவிட்டார்கள். ஒரு மாதம் முழுக்க மாமா உலகப் புகழ்பெற்ற கட்டைவிரலாக இருந்தார். அடுத்த மாதம் குடை பிடித்து நடக்கிற ஒரு நாய் வந்தது. எல்லோரும் நாயோடு போய்விட்டார்கள்.

வாலு போகவில்லை. பத்தாம் வகுப்பை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்குப் பாடம் அவளைப் பழிவாங்கிவிட்டதால் ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். அவள் போனில் மாமாவின் முப்பத்தெட்டு சாவும் வரிசை எண் போட்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரும் பார்க்காத ஒரு சேனலில் பழைய படம் போடுவான். மாமாவும் மருமகளும் அதன் முன்னால் உட்காருவார்கள். ஹீரோ வந்தால் தண்ணீர் குடிக்கப் போவார்கள். கொலை செய்வதற்கு முன்னால் தவறாமல் தும்முகிற தும்மல் வில்லன் வந்தால் ஓடிவருவார்கள். ஜன்னலம்மா என்று ஒருத்தி. நாற்பது படத்தில் நடித்தும் ஒரு படத்தில்கூட ஜன்னலை விட்டு வெளியே வந்ததில்லை. வெறுமனே எட்டிப் பார்ப்பாள், 'அய்யோ' என்பாள், உள்ளே போய்விடுவாள். அவள் தலை தெரிந்தால் மாமா எழுந்து நின்று கும்பிடுவார். "அந்த 'அய்யோ'வுல ஒரு குடும்பமே இருக்கு பாரு" என்பார்.

இனி தாடிக்கு வருவோம்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் மாமாவுக்கு ஒரு படத்தில் சாகாத வேடம் கிடைத்தது. காணாமல்போன குழந்தை எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர். படத்தின் முடிச்சே அவர் வாயில்தான். கதவைத் தள்ளித் திறந்து, வாசலில் நின்று, மூச்சுவாங்க, "அந்தக் குழந்தை..." என்கிறவரை எடுத்தாயிற்று. உள்ளே வந்து மிச்சத்தைச் சொல்வது மறுநாள் ஷாட். டைரக்டர் தோளைத் தட்டி, "கன்டினியூட்டி முக்கியம், நாளைக்கும் முகம் இதே மாதிரி இருக்கணும். தாடில கை வெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மறுநாள் வரவே இல்லை. தயாரிப்பாளர் கையை விரித்துவிட்டார் என்றார்கள், வேறு ஆள் பார்க்கிறார்கள் என்றார்கள். மாமா கதவைத் திறந்தவர் திறந்தபடியே இருக்கிறார்.

தாடி என்றால் சும்மா வளரவிட்ட தாடி இல்லை. அன்றைக்கு நாலு விரல் நீளம் இருந்தது. இன்றைக்கும் நாலு விரல்தான். மாதம் பிறந்தால் வாலுவின் பழைய ஸ்கேலை வைத்து அளந்து வெட்டுவார். கதையில் ஒரு ராத்திரிதான் போகிறது, ஒரு ராத்திரியில் யாருக்கும் நரைக்காது என்பதால் மை வேறு. தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே தாடி.

வினையும் அதனாலேயே வந்தது. எங்கேயோ ஒரு வீட்டில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தபோது உள்ளே ஒரு முடி. அவர்கள் அதை ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து கம்பெனிக்கு அனுப்பினார்கள். நாலு விரல் நீளம், ஒரு நுனி கறுப்பு, மறு நுனி வெள்ளை. துப்பறிய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"பெரியவரே, சனிக்கிழமை காலையில தாடி இல்லாம வாங்க. இல்லேன்னா வராதீங்க" என்றார் சூப்பர்வைசர். மாமாவுக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவன் வயசு இருக்கும்.

வீட்டில் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்ன சொன்ன நீ?"

"கன்டினியூட்டின்னேன்."

"அண்ணா, உனக்கு அம்பத்தாறு வயசு. இந்த வேலை போச்சுன்னா வேற எவன் கூப்பிடுவான்? சாகறதுக்குக்கூட இப்ப யாரும் கூப்பிடறதில்லை."

மாமா சிரித்தார். சிரித்துவிட்டு, "நாளைக்கே அவர் போன் பண்ணி, வாய்யா மிச்சத்தை எடுத்துடலாம்னா, மொட்டை முகத்தோட போய் நிக்கச் சொல்றியா?" என்றார்.

"ஒம்போது வருஷமா வராத போன்!"

"அதான் சொல்றேன். எப்ப வேணாலும் வரலாம்."

அம்மா மெஷினை மிதித்த மிதியில் துணி கிழிந்தது.

வாலு ஒரு முடிவுக்கு வந்தாள். பொய்க் கடிதம் தயாரிப்பது அவளுக்குக் கைவந்த கலை. பள்ளியில் படித்த காலத்தில், தண்ணீர்த் தொட்டி கழுவுவதால் வெள்ளிக்கிழமை விடுமுறை என்று முத்திரையோடு நோட்டீஸ் ஒட்டி, வாத்தியார்கள் உட்பட மொத்தப் பள்ளியையும் வீட்டுக்கு அனுப்பியவள். அந்தப் படத்துக்கு மாமாவைக் கூப்பிட்ட பழைய அழைப்புத் தாளில் இருந்த படக்கம்பெனிச் சின்னத்தை ஜெராக்ஸ் எடுத்து, சுத்தம் செய்து, நல்ல தாளில் அச்சடித்தாள். எழுதுவதற்குத்தான் இரண்டு நாள் பிடித்தது. கடைசியில் வந்தது இது:

"அன்புடையீர், தாங்கள் கதவைத் திறந்து நிற்கும் காட்சி எதிர்பார்த்ததற்கும் மேலாக அமைந்துவிட்டபடியால், இதற்குப் பிறகு பேசினால் கெட்டுவிடும் என்று முடிவு செய்துள்ளோம். தங்கள் முகத்திலேயே இடைவேளை விடப்படும். தங்கள் பகுதி இத்துடன் நிறைவடைகிறது. தாடியை எடுத்துக்கொள்ளலாம். தங்கள் கட்டைவிரலுக்குச் சிறப்பு நன்றி. இப்படிக்கு, டைரக்டர்."

கையெழுத்தைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். பெரிய மனிதர்கள் அப்படித்தான் போடுவார்கள். தபால் முத்திரை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று மூன்று பஸ் மாறி, வேறு பகுதியின் தபால் பெட்டியில் போட்டாள்.

வியாழக்கிழமை கடிதம் வந்தது. மாமா நின்றபடியே படித்தார். படியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டியது.

"இன்டர்வெல்லா!" என்றார். "என் மூஞ்சியிலயா! ஏய், இங்க வா, இதைக் கேளு!"

அம்மா ஓடிவந்தாள். மாமா வாலுவிடம் கடிதத்தைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். தான் எழுதினதைத் தானே முதல் தடவையாகப் படிப்பதுபோல அவள் தடுமாறித் தடுமாறிப் படித்தாள். கட்டைவிரல் வரி வந்தபோது மாமா குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வாலு உள்ளே போய், தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள், கொஞ்சம் வேறு ஏதோ செய்தாள்.

மறுநாள் சலூனுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நிஜமாவா?" என்றார் முடிவெட்டுகிறவர். "ஒம்போது வருஷமா இந்தக் கத்தி உங்களுக்காகக் காத்திட்டிருக்கு அண்ணே."

"மேலிடத்து உத்தரவு" என்றார் மாமா.

தாடி போனதும் உள்ளேயிருந்து வேறு யாரோ வந்தார். மோவாய் சின்னதாக, செய்கிறவர் பாதியில் எழுந்துபோய்விட்டதுபோல இருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. இவ்வளவு வயசை அந்தத் தாடிக்குள் எங்கே வைத்திருந்தார் என்று தெரியவில்லை. மாமா கண்ணாடியைப் பார்க்காமல், கழுத்துத் துணியை அவரே அவிழ்த்து மடித்துக் கொடுத்தார்.

சனிக்கிழமை தொழிற்சாலை வாசலில் காவலாளி மறித்து, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாராம். அட்டையைக் காட்டினால் அதில் தாடி இருக்கிறது. சூப்பர்வைசர் வந்து குரலை வைத்து அடையாளம் கண்டு உள்ளே விட்டார். வேலை தப்பியது. பேக்கிங் பிரிவில் இனி என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாததால், அன்று முழுவதும் அவரை யாரும் கூப்பிடவில்லை. இதையெல்லாம் சாயங்காலம் அம்மாவிடம் அவர் வேடிக்கைபோலச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மா கடைக்குப் போயிருந்தாள். ஜன்னலம்மா வந்தாள், எட்டிப் பார்த்தாள், அய்யோ என்றாள். மாமா எழுந்திருக்கவில்லை.

"என்ன மாமா, கும்பிடு போடலையா?"

"லெட்டர் போட்டாரே டைரக்டர்" என்றார், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவர் செத்து நாலு வருஷம் ஆச்சு."

வாலு ரிமோட்டைக் கையில் எடுத்தாள். எதற்கு எடுத்தாள் என்று தெரியாமல் திரும்ப வைத்தாள்.

"ஆஸ்பத்திரி வாசல்ல நானும் ஒரு லைட்மேனும்தான் நின்னோம். பேப்பர்லகூட வரலை. எடுத்த வரைக்கும் இருந்த படத்தை, அவர் வீட்டைக் காலி பண்ணும்போது சாமானோட சாமானா தூக்கிப் போட்டுட்டாங்களாம்."

"நான்தான்னு எப்படி..."

"கட்டைவிரலுக்குச் சிறப்பு நன்றின்னு உலகத்துல வேற யாருடி எழுதுவா?"

விளம்பரம் வந்தது. இருவரும் அதையும் பார்த்தார்கள்.

"அப்ப நாலு வருஷமா எதுக்கு மாமா அளந்து அளந்து வெட்டினீங்க?"

"எடுக்காதேன்னு ஒருத்தர் சொன்னாரு. எடுன்னு சொல்ல ஆள் இல்லை. விட்டுட்டேன்."

"தெரிஞ்சும் இப்ப ஏன் எடுத்தீங்க?"

"வேலை வேணும் இல்ல? அந்தப் பொடியன் சொல்லி எடுத்தேன்னு உங்கம்மா முன்னால நிக்கறதுக்கு, டைரக்டர் சொல்லி எடுத்தேன்னு இருந்துட்டுப் போகட்டுமே. நல்லாத்தான் எழுதியிருந்தே. எனக்கு எவனும் அப்படி ஒரு சீன் எழுதினதில்லை."

ஒரு விஷயத்தை மட்டும் வாலுவால் விட முடியவில்லை.

"ஆனா அழுதீங்களே மாமா. நான் பாத்தேன். ரெண்டு கண்ணுலயும் கொட்டுச்சு."

மாமா முதல் தடவையாக அவள் பக்கம் திரும்பினார். அந்தச் சின்ன மோவாய் லேசாக நடுங்கியது.

"முப்பத்தெட்டையும் நம்பர் போட்டு வெச்சிருக்கே" என்றார். "உனக்கேவா தெரியலை?"