நெம்மேலியில் ஒரு பாலைவன ஒத்திகை

“யக்கா, பொங்கல் கீதா? இட்லி மட்டும்தானா?”

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, முன்பின் தெரியாத ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. இடம், நெம்மேலி. ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, இன்னொரு பக்கம் கடல், நடுவில் மணல். மணலில் அச்சு வரைக்கும் புதைந்துபோன ஒரு வண்டி. வண்டிக்குள் நான்...

நான் அங்கே பொங்கல் விற்கப் போகவில்லை. பாலைவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சிரிக்காதீர்கள். விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு ராஜஸ்தான் பாலைவனத்தைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒட்டகத்துக்காக இல்லை, கோட்டைக்காகவும் இல்லை. ஒரு காலண்டரில் படம் பார்த்தேன். மணல், மணல், மணல். வேறு எதுவுமே இல்லை. எதுவுமே என்றால் அடுப்பும் இல்லை! இனி டூர் என்று ஒன்று போனால் இங்கேதான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் நாங்கள் டூரே போகாதவர்கள் இல்லை. ஊட்டிக்குப் போனோம். “வசந்தி, காட்டேஜில் கிச்சன் இருக்கு!” என்று என் வீட்டுக்காரர் குதித்தார். அவர் பூந்தோட்டம் பார்த்தார், நான் குக்கர் விசில் எண்ணினேன். ராமேஸ்வரத்தில் சத்திரத்து மாடியில் பம்ப் ஸ்டவ் வைத்து ரசம் கொதிக்கவிட்டேன். கடலாடிவிட்டு வந்தவர்கள் “ரசம் சூப்பர்” என்றார்கள். அந்த ஊரெல்லாம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எந்த ஊர்த் தண்ணீரில் பருப்பு சீக்கிரம் வேகும் என்று வேண்டுமானால் சொல்வேன்.

என் வீட்டுக்காரர் செங்கல்பட்டில் கெமிஸ்ட்ரி வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர்தான் ரிட்டயர் ஆனார், கெமிஸ்ட்ரி ஆகவில்லை. எந்தக் காரியத்தை எடுத்தாலும் ஒரு ரெக்கார்டு நோட்டைத் திறந்து ‘நோக்கம், தேவையானவை, செய்முறை, முடிவு’ என்று எழுதிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். வீட்டுக்கு வெள்ளையடித்ததற்கும் நோட்டு இருக்கிறது. அவருடைய தங்கைக்கு வரன் பார்த்ததற்கும் இருக்கிறது. அதில் ‘முடிவு’ என்ற இடத்தில் ‘திருமணம்’ என்று எழுதி, கீழே அடிக்கோடு இட்டிருக்கிறார்.

இந்தக் கூட்டணியில் மூன்றாவது ஆள் என் தம்பி குமார். ஊரப்பாக்கத்தில் இருக்கிறான். எதையும் பாதி யோசித்து முழுசாகச் செய்கிறவன்.

“ரயில் எதுக்குக்கா, ஓட்டல் எதுக்கு? வீட்டையே என் ஜீப்புக்குப் பின்னாடி கட்டி இழுத்துகினு போலாம்” என்றான்.

சொன்னதோடு நிற்கவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பட்டறையில் டிரெய்லர் கட்டச் சொல்லி ஆர்டரும் கொடுத்துவிட்டான். நாலு பேர் படுக்க இடம், ஃபேன், ஓரமாக ஒரு பாத்ரூம். எல்லாம் சரி. ஒரே ஒரு விஷயத்தை அவன் விசாரிக்கவில்லை. அந்தப் பட்டறைக்காரர்கள் அதுவரைக்கும் கட்டியதெல்லாம் டிபன் வண்டிதான்.

ஆகவே எங்கள் உல்லாசப் பயண வண்டி எப்படி வந்தது தெரியுமா? பக்கவாட்டில் மேல்நோக்கித் திறக்கிற பெரிய ஷட்டர். அதற்குக் கீழே, நின்றுகொண்டே சாப்பிட வசதியாக நீளமான ஸ்டீல் பலகை. மேலே கலர் பல்பு வரிசை. விலைப் பலகை மாட்ட ஒரு கொக்கி! இதெல்லாம் எதுக்கு என்று குமார் கேட்டதற்கு, “இதெல்லாம் இல்லாம வண்டி எப்டி சார் முழுசாவும்?” என்று பட்டறை மேஸ்திரி திருப்பிக் கேட்டாராம். உள்ளே இருந்ததிலேயே பெரிய பொருள் ரெண்டு பர்னர் அடுப்பு.

எதை விட்டு ஓட நினைத்தேனோ, அது சக்கரம் கட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது.

அங்கேயே ஒரு நிபந்தனை போட்டேன். ரெக்கார்டு நோட்டில் எழுதி வாங்கினேன். ‘பயணத்தில் வசந்தி அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. பற்றவைத்தால் அந்த நிமிஷமே பயணம் ரத்து.’ கீழே மூன்று பேரும் கையெழுத்து.

எனக்கே நான் ஏன் இப்படி ஒரு கண்ணி வைத்துக்கொண்டேன் என்று கேட்பீர்கள். எனக்கு என்னைத் தெரியும். ஒரு தடவை காபிக்கு என்று பற்றவைத்தால் போதும், ராஜஸ்தான் வரைக்கும் கிளறிக்கொண்டேதான் போவேன். அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம். அங்கே கிச்சனில் ஜன்னலாவது பெரிசு.

“தியரி ஓகே. பிராக்டிகல் பார்க்காமல் கிளம்பக் கூடாது” என்றார் வீட்டுக்காரர். பாலைவனத்திலும் மணல், நெம்மேலியிலும் மணல். ஆகவே அங்கே ஒரு நாள் ஒத்திகை. நிபந்தனை ஒத்திகைக்கும் பொருந்தும் என்று நோட்டில் சேர்த்துக்கொண்டேன்.

காலை ஐந்து மணிக்குச் செங்கல்பட்டிலிருந்து கிளம்பினோம். சாப்பாட்டுக்கு பிரெட், ஜாம். கழுவுகிற வேலைகூட வேண்டாம் என்று பேப்பர் தட்டு ஒரு கட்டு. திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் தாண்டி, ஈ.சி.ஆரில் ஏறி, நெம்மேலியில் கடல் பக்கம் திரும்பினோம். மணலில் இறங்கி நூறு அடி போயிருப்போம். ஜீப் உறுமியது. டிரெய்லர் சொகுசாக உட்கார்ந்துவிட்டது.

“வெரி குட்! இதுக்குத்தான் பிராக்டிகல்” என்று வாத்தியார் கைதட்டினார். உலகத்திலேயே வண்டி புதைந்ததற்குச் சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தார்கள். சாக்கு போட்டார்கள். சவுக்கு மிலார் குச்சிகளைப் போட்டார்கள். ஒவ்வொன்றையும் அவர் நோட்டில் எழுதிக்கொண்டார். வண்டி ஒவ்வொன்றுக்கும் இன்னும் கொஞ்சம் கீழே போனது.

உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. காற்றுக்காக நான் ஷட்டரைத் தூக்கிவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஷட்டர் முழுசாகத் திறக்கவில்லை, ஒருவர் வந்து நின்றார். தோளில் துண்டு, கால் முழுக்க ஈர மணல். அவர்தான் அந்தப் பொங்கல் கேள்வியைக் கேட்டவர். பெயர் ஏழுமலை. நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னால் இரண்டு பேர். அவர்களுக்குப் பின்னால் நான்கு பேர். நம் ஊரில் மூன்று பேர் ஒரு வரிசையில் நின்றால் நாலாவது ஆள் ஏன் என்று கேட்பாரா? வந்து நின்றுவிட்டு, “இன்னும் எவ்ளோ நேரம்?” என்றுதான் கேட்பார்.

விசாரித்ததில் விஷயம் விளங்கியது. தினமும் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் சரசக்கா என்பவர் டிபன் வண்டி போடுகிறாராம். அன்றைக்கு அவர் வரவில்லை. காலி வயிற்றோடு வந்தவர்கள் கண்ணில் எங்கள் ஷட்டர் பட்டிருக்கிறது.

“இது டிபன் வண்டி இல்லீங்க. நாங்க பாலைவனத்துக்குப் போறோம்” என்றார் வீட்டுக்காரர்.

ஏழுமலை ஸ்டீல் பலகையைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். கலர் பல்பைப் பார்த்தார். “சரி சார். போறதுக்கு முன்ன ரெண்டு இட்லி குடுத்துட்டுப் போ” என்றார்.

அப்புறம்தான் சக்கரத்தைக் கவனித்தார். “அடடே, மாட்டிகினியா? என்கிட்ட டிராக்டர் கீது சார். படகு இஸ்க்கிற டிராக்டர். அஞ்சே நிமிசத்துல இஸ்து வுட்டுர்றேன். ஆனா ஒண்ணு. நாஸ்தா துன்னாம நான் டிராக்டர்ல ஏறமாட்டேன். விடிகாலைல கடலுக்குப் போய்ட்டு இப்பதான் கரையேறினேன். கண்ணு இருட்டிகினு வருது.”

குமார் ஓடிப்போய் பிரெட்டை நீட்டினான். ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது.

“பிரெட்டா? எனக்கு இன்னா ஜொரமா?”

பிறகு வானத்தைப் பார்த்துவிட்டு, “வெயில் ஏறிச்சின்னா மணலு இன்னும் லூசாவும். அப்பால டிராக்டரும் பேஜார் பண்ணும். சீக்கிரம் முடிவு பண்ணுங்க” என்றார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுமலை பார்த்தார். வரிசையில் இருந்த பதினைந்து பேரும் பார்த்தார்கள். குமார் கிட்டே வந்து, “அக்கா, பத்தே நிமிஷம். ரவைய கிளறி எறக்கிடு” என்றான். ரவை ஏது? ‘அவசரத்துக்கு’ என்று வீட்டுக்காரர் எனக்குத் தெரியாமல் ரெண்டு கிலோ கொண்டுவந்திருந்தார். வெங்காயம், எண்ணெய், கடுகு, மிளகாய்கூட இருந்தது!

எனக்கு அழுகை வந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். பற்றவைத்தால் என் பாலைவனம் போச்சு. பற்றவைக்காவிட்டால் டிராக்டர் வராது, பசியோடு பதினைந்து பேர். பழகிய கை, தானாகத் தீப்பெட்டியைத் தேடுகிறது. அந்தக் கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நான் வண்டியை விட்டு இறங்கினேன். மணலில் போய், கடலைப் பார்த்து, வண்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டேன்.

பின்னால் நோட்டுப் பக்கம் புரட்டுகிற சத்தம். அப்புறம் வீட்டுக்காரர் குரல்... “குமாரு, அந்த ரவையை எடு.”

முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவை!

எனக்கு முதுகில் கண் முளைத்ததுபோல ஆகிவிட்டது. திரும்பக் கூடாது என்று நினைத்தும் திரும்பிப் பார்த்தேன். தண்ணீரை டம்ளரில் ஊற்றி, கண் மட்டத்துக்குத் தூக்கிப்பிடித்து அளந்துகொண்டிருக்கிறார். ஒரு மிளகாயை எடுத்து, அதன் காரத்தன்மை தெரியாதே என்று கவலைப்படுகிறார். ரவையை வறுக்காமலே கொட்டப் போகிறார்! ‘வறுங்க’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல என் நாக்கு துடித்தது. அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பதுகூடச் சுலபம். பக்கத்தில் இருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டு இருப்பது இருக்கிறதே... அதை நம் பெண்கள் பழகிவிட்டால் பாதி ஆண்கள் எப்போதோ சமையல் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

அப்போது ஒரு அம்மாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நல்ல புடவை, தலை நிறையப் பூ.

“புது நாஸ்தா வண்டி நீதான் போட்டுகினியாம்மா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. நீங்க...?”

“நான்தான் சரசா. பன்னெண்டு வருசமா இங்க வண்டி போடறேன். கோயிலுக்குப் போலாம்னு இன்னிக்கி ஒரு நாளு லீவு வுட்டேன். வழியில சொன்னாங்க, புதுசா ஒரு வண்டி வந்துகீதுன்னு. அடுத்தவங்க கையால ஒரு வேளை துன்னுட்டுப் போலாம்னு வந்தேன்.”

நகர்ந்து அவருக்கு நல்ல இடமாகக் கொடுத்தேன். குமார் ரெண்டு பேப்பர் தட்டில் உப்புமாவைக் கொண்டுவந்து நீட்டினான். பார்க்க உப்புமா மாதிரிதான் இருந்தது. ஆனால் தட்டைச் சாய்த்தால் மொத்தமாக ஒரே கட்டியாக நகர்ந்தது.

ஷட்டர் பக்கம் ஏழுமலையின் குரல் கேட்டது.

“சார், அதோ தெரியுதே குடிதண்ணி ஆலை... அங்க கடல் தண்ணியிலேந்து உப்பை எடுக்குறாங்க. சரி. நீ இன்னா சார், உப்புமாவுலேந்தே உப்பை எடுத்துட்ட?”

வரிசை முழுக்க சிரிப்பு. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் உப்புப் பகுப்பாய்வு சொல்லிக்கொடுத்த மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். ஆனாலும் ஒருத்தரும் தட்டைத் தூக்கி எறியவில்லை. காசு வேண்டாம் என்று அவர் சொன்னதும் வரிசை இன்னும் நீண்டது.

சரசக்கா மெதுவாக, ரசித்துச் சாப்பிட்டார். “எங்க கெளம்பிகினீங்க?” என்று கேட்டார்.

“பாலைவனத்துக்கு.”

“அங்க இன்னா கீது?”

“ஒண்ணுமே இல்ல. மணல்தான்.”

“இங்க இல்லாத மணலா?” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு, “அடுப்பு?” என்றார்.

“அதுவும் இல்ல.”

“அப்ப நல்ல ஊருதான்” என்றார் சரசக்கா. காலித் தட்டை என்னிடம் நீட்டினார். “இன்னும் கொஞ்சம் வெக்கச் சொல்லும்மா.”

“உப்பே இல்லையேக்கா?”

“இல்லன்னா இன்னா? நான் கிளறலையே.”

நானும் இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன். அதுமாதிரி ஒரு மோசமான உப்புமாவை நான் என் வாழ்க்கையில் சாப்பிட்டதில்லை. அதுமாதிரி நிம்மதியாகவும் சாப்பிட்டதில்லை.

ஏழுமலை சொன்ன சொல் தவறவில்லை. டிராக்டரைக் கொண்டுவந்து கயிறு கட்டினார், அஞ்சே நிமிஷத்தில் வண்டி ரோட்டில். கிளம்பும்போது, “அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவியா சார்? ஒரு டப்பா உப்பு நானே எடுத்தாரேன்” என்றார். “வரட்டும், நானும் லீவு போட்டுக்கறேன்” என்றார் சரசக்கா.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வீட்டுக்காரர் ரெக்கார்டு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, ‘முடிவு’ என்ற தலைப்புக்குக் கீழே காலியாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நோட்டையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார்.

“நீயே எழுதிடு வசந்தி.”

எழுதினேன்.

‘முடிவு: கொடுக்கப்பட்ட உப்புமாவில் உப்பு இல்லை. பாலைவனம் போகலாம்.’