அடுப்படி ஜன்னலுக்குக் கீழே நாற்பது பலகை

அந்தத் தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாருக்கும் அவள் புல்லக்கா. மலைச்சரிவை ஒட்டிய இருபத்திரண்டு வீடுகளைச் சுற்றி மண்டிக் கிடக்கும் காய்ந்த புல்லையும் புதரையும் கோடைக்கு முன்னால் வெட்டி அகற்றுவது அவள் வேலை. காடு பற்றிக்கொண்டால் தீ வீடுவரை வர ஒரு வழியும் இருக்கக் கூடாது.

விடிந்ததும் இறங்கிவிடுவாள். அவ்வப்போது ஒரு பிடி புல்லைப் பறித்துக் கைக்குள் கசக்குவாள். வளைந்துகொடுத்தால் புல்வெட்டும் இயந்திரம் ஓடும். நொறுங்கினால் இயந்திரத்தை அணைத்துவிட்டு அரிவாளை எடுப்பாள். சுழலும் தகடு ஒரு கல்லில் பட்டுப் பொறி பறந்தால் போதும், தீயைத் தடுக்க வந்தவளே தீ வைத்தவளாகிவிடுவாள்.

பேச்சுதான் வராது. வேலை என்றால் மட்டும் எப்படியோ வந்துவிடும். "சார், இந்தக் கிளை கூரையைத் தொடுது, எடுத்துடறேன்" என்பாள். அவர் யோசித்து முடிப்பதற்குள் கிளை தரையில் கிடக்கும். புருஷனிடம் அந்த அளவுக்குக்கூட வாய் திறக்காது.

அவர் பேருந்து ஓட்டுநர். என்றைக்கோ கட்டப்போகும் முன்னறைக்கென்று நாற்பது பழைய பலகைகளை வாங்கி, அடுப்படி ஜன்னலுக்குக் கீழே சுவரோடு அடுக்கியிருந்தார். இடுக்கெல்லாம் புல் முளைத்துக் காய்ந்து நின்றது. தெருக்கோடி வீடு அவர்களுடையது. கொல்லை முடிகிற இடத்தில் காடு. அந்த மாதக் கடைசி சனிக்கிழமை, சுவரோரம் எரிகிற பொருள் ஏதும் இருக்கிறதா என்று தீயணைப்பு நிலைய அதிகாரி பார்வையிட வருவார். ஒரு வீடு தவறினாலும் தெருவுக்கே சான்றிதழ் கிடையாது.

மளிகைக்கடைக்காரம்மா சும்மா விடுவாளா? "ஊருக்கெல்லாம் மொட்டை அடிக்கிறே, உன் வீட்டுக்கு மட்டும் தாடி வளர்த்து வச்சிருக்கியே புல்லக்கா!"

அன்று சோறு போடும்போது, "அந்தப் பலகையை..." என்று ஆரம்பித்தாள்.

"அது பாட்டுக்குக் கெடக்கட்டும். உன்னை என்ன பண்ணுது?"

பேச்சு அதோடு முடிந்தது. மறுநாளிலிருந்து அவர் வேலைக்குக் கிளம்பியதும் தினம் மூன்று பலகை. கொல்லையின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்த சிமெண்டு மேடைக்குத் தூக்கிப் போனாள். காலியான இடத்தை மண் தெரியச் சுரண்டினாள். பதினான்காம் நாள் சுவரோரம் ஒன்றுமில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை, இரண்டு வாரத்துக்குப் பிறகு அவருக்கு விடுமுறை. பல் தேய்த்துக்கொண்டே கொல்லைப்பக்கம் வந்தவர் அலறினார். "எவனோ திருடிட்டான்டி!"

"எவனும் இல்லைங்க. தொட்டிக்குப் பின்னால இருக்கு. நாற்பதும்."

"எப்போ எடுத்தே?"

"பதினாலு நாளா."

வாயில் நுரையோடு நின்றார். கோபம் பாதி வழியில் வெட்கமாகிவிட்டது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே."

அரிவாளை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் டாக்டர் வீட்டு வேலிக்குப் போய்விட்டாள். கொல்லைச் சரிவில் இன்னும் ஒரு துண்டுப் புல் பாக்கி. அதை மறுநாள் விடியலில், பனி ஈரம் காயுமுன் வெட்டலாம் என்று வைத்திருந்தாள்.

பதினொரு மணிக்குத் தன் வீட்டுப் பக்கம் புகை. விழுந்தடித்து ஓடினாள். அவர் ஈரச்சாக்கால் தரையை அடித்துக்கொண்டிருந்தார். கல்லில் மோதிய இயந்திரம் கவிழ்ந்து கிடந்தது. மீசையில் ஒரு பக்கத்தைக் காணோம். ஒரு பாய் அகலத்துக்குப் புல் கருகியிருந்தது. ஜன்னலைப் பார்த்து வந்த தீ, அவள் சுரண்டிவைத்த வெறும் மண்ணில் வந்து அவிந்திருந்தது.

அவர் கையைப் புரட்டிப் பார்த்தாள். கொப்புளம் இல்லை. பிறகுதான் கேட்டாள். "புல்லைக் கசக்கிப் பாத்தீங்களா?"

"பாத்தேனே. நீ பண்றதைத் தினம் பாக்கறேன்ல?"

"நொறுங்குச்சா?"

"அழகா நொறுங்குச்சு. அப்படின்னா நல்லா வெட்டும்னு நெனச்சேன்."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வருமட்டும் சிரித்தாள்.

சனிக்கிழமை அதிகாரி கரிந்த இடத்தில் நின்றார். "இது என்னம்மா?"

அவள் வாயெடுத்தாள். அதற்குள் புருஷன் முந்திக்கொண்டார். "நான்தான் சார். நேத்து வேளை கெட்ட வேளையில மெஷினை எடுத்துட்டேன்."

அதிகாரி கருப்புக் கோடு நின்ற இடத்தைக் குனிந்து பார்த்தார். "இந்தச் சுவரோரம் முன்னாடி என்ன இருந்துச்சு?"

"பலகை சார். என்னுது."

"அது இருந்திருந்தா நேத்தே வண்டியோட வந்திருப்பேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மளிகைக்கடைக்காரம்மா அவளை மடக்கினாள். "தாடியை எடுத்தே, சரி. அந்த மனுஷன் மீசையையுமா எடுக்கணும்?"

"அது நான் எடுக்கலைக்கா. மீதிப் பாதியை வேணும்னா நாளைக்கு எடுத்துடறேன்" என்றாள் புல்லக்கா, சர்க்கரையைப் பைக்குள் போட்டுக்கொண்டே.